ஒன்பதாவது பகுதி

புத்தாண்டு அன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் ஓர் அலறல் கேட்டது. வாசலில் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்த மருமகள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு உள்ளே ஓடினாள். நான் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, எழுபத்தைந்து வயதுக்கு எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் பேத்தியின் அறைக்குப் போனேன். அவள் போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல தாத்தா. ஆரம்பிச்சிருச்சு."

ஆரம்பித்தது 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் கடைசிப் பகுதி. அங்கே டிசம்பர் 31 மாலை. நமக்கு ஜனவரி 1 காலை ஆறரை. பேத்தி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்தே வேலை என்று இரண்டு வாரம் சிறுவாச்சூருக்கு வந்திருந்தாள். வந்த அன்றே இணைய வேகம் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்தது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

எட்டே முக்காலுக்கு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. இட்லி வேண்டாம் என்றாள். எங்கள் வீட்டில் யாராவது தவறிப்போனால்தான் இப்படி நடக்கும். என் மகன், "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்கிறவர்கள் யாராவது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. (நம் வயதுக்காரர்களில் அப்படி ஒருவரும் இருக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

கதை நடப்பது 1980-களில், ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊரில். அந்த ஊருக்கு அடியில் தலைகீழாக இன்னோர் ஊர் இருக்கிறது. அதே தெரு, அதே வீடு, ஆனால் இருட்டு, சாம்பல், கொடி, பேய் மாதிரி ஜந்துக்கள். இதை அவள் விளக்கியபோது எனக்கு ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்ப் போன 18 மீட்டர் மரம் கிடக்கிறது. காரைப் பக்கம் போனால் கடல் நத்தைகளின் கல்லுருவங்கள் மண்ணில் கிடைக்கும். ஒரு காலத்தில் கடல் இருந்த நிலத்தில் பருத்தியும் சோளமும் போட்டுக்கொண்டிருக்கிறோம். நமக்கும் அடியில் ஓர் உலகம் இருந்ததுதான்.

அந்தத் தொடரில் ஒரு பெண் குழந்தை. அம்மா வைத்த பெயர் ஜேன். அவளைப் பிடித்து வைத்திருந்த ஆய்வுக்கூடம் கையில் 011 என்று பச்சை குத்திவிட்டது. அதனால் அவள் பெயரே 'இலெவன்', அதாவது பதினொன்று. மனசாலேயே பொருள்களைத் தூக்கி எறியும் சக்தி அவளுக்கு உண்டு. மூன்று பையன்கள் அவளைக் காட்டில் கண்டெடுத்து, வீட்டுக்கு அடியில் உள்ள அறையில் ஒளித்துவைத்துச் சிநேகமாகிறார்கள். இது 2016 ஜூலையில் தொடங்கியபோது என் பேத்தி எட்டாம் வகுப்பு. நடித்த பிள்ளைகளும் இவளும் சேர்ந்தே வளர்ந்திருக்கிறார்கள். ஐந்து சீசன், பத்து வருஷம். சீசன் என்றால் பருவம் இல்லையாம், ஒரு பாகமாம்.

கடைசியில் அந்தப் பெண் தலைகீழ் உலகத்தின் வாசலில் நின்றுவிடுகிறாள். அந்த உலகம் வெடித்து அழிகிறது. அவளும் போய்விடுகிறாள். ஒன்றரை வருஷம் கழித்து மற்றப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். பழைய அறையில் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டும் ஒரு கதை விளையாட்டை ஆடுகிறார்கள். அவளை நேசித்த பையன் அப்போது ஒரு கதை சொல்கிறான். அவள் சாகவில்லை, நாம் பார்த்தது ஒரு மாயத்தோற்றம், அவள் எங்கோ அருவிகள் விழும் ஒரு தூர தேசத்தில் இருக்கிறாள் என்று. சிநேகிதர்கள் ஒவ்வொருவராக, நாங்கள் நம்புகிறோம் என்கிறார்கள். அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தொடர் சொல்லவில்லை.

"நீ என்ன நினைக்கிறே?" என்றேன்.

"அவ இருக்கா தாத்தா. ஆனா அது மட்டுமில்ல. இந்த முடிவே நிஜம் இல்ல. இன்னொரு பகுதி வரப்போவுது."

இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. கடைசி சீசனில் எட்டுப் பகுதிகள். ஒன்பதாவது ஒன்று ரகசியமாக வைக்கப்பட்டிருக்கிறது, அமெரிக்கக் கணக்கில் ஜனவரி 7 அன்று வெளியாகும் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் நம்பத் தொடங்கினார்கள். எட்டாவது பகுதியில் காட்டிய சந்தோஷமெல்லாம் வில்லன் காட்டும் பொய்த்தோற்றமாம். ஆதாரம்? பட்டமளிப்பு விழாவில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி கை கோத்து உட்கார்ந்திருந்தார்களாம்! அந்த வில்லன் அப்படித்தான் கையை வைத்துக்கொள்வானாம். இப்படிப் பத்துப் பதினைந்து ஆதாரங்களை அவள் எனக்கு வரிசையாகக் காட்டினாள். முப்பத்தைந்து வருஷம் கோப்பில் முரண்பாடு தேடியே சம்பளம் வாங்கியவன் நான். எனக்கே பிரமிப்பாக இருந்தது. அவளை ஒரு தணிக்கைப் பிரிவில் உட்கார வைத்திருக்கலாம்.

ஜனவரி 8 வியாழன் விடியற்காலை மறுபடி எழுந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஆறரை ஆயிற்று, ஏழாயிற்று. ஒன்றும் வரவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, "சரி தாத்தா, காப்பி குடிக்கலாம்" என்றாள். புத்தாண்டு அன்று அழுததை விட இந்தச் 'சரி' எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை நடைப்பயிற்சியில் இதை என் நண்பர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒருவரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எழுதினவன் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டான். இதுங்க இல்லேங்குதுங்க. பைத்தியம் சார்! பாரதக் கூத்துல பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான்னு எல்லாருக்கும் தெரியும். எவனாவது முடிவை மாத்துன்னு கேட்டானா?"

நான் அப்போது பதில் சொல்லவில்லை. சட்டென்று பதில் சொல்ல எனக்கு எப்போதும் வராது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். தலைமையாசிரியர் சொன்னது தப்பு. மாற்றினோம், சார். அதுவும் பாரதத்திலேயே மாற்றினோம்.

அரவானை எடுத்துக்கொள்ளுங்கள். வியாசர் கணக்கில் அர்ச்சுனன் மகன் இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனால் கொல்லப்படுகிறான். அத்தோடு அவன் கோப்பு முடிந்தது. நம் ஊர் ஜனங்களுக்கு அது போதவில்லை. போருக்கு முன்னால் அவனைக் களப்பலி ஆக்கினார்கள். பலியாகும் முன் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான் என்றார்கள். கண்ணனே மோகினியாக வந்து ஒருநாள் மனைவியானான் என்றார்கள். கூவாகத்தில் சித்திரை மாதம் இன்றைக்கும் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்களே, அது அந்த மாற்றிய கதைக்குத்தான். இன்னும் ஒன்று இருக்கிறது. சாகிறவன் ஒரு வரம் கேட்டான்: பதினெட்டு நாள் போரையும் நான் பார்க்க வேண்டும். அதனால் வெட்டுண்ட தலை கம்பத்தின் மேல் இருந்து கடைசி நாள்வரை பார்த்துக்கொண்டே இருந்தது என்று நம் கூத்துக்காரர்கள் பாடுகிறார்கள். கடைசிப் பகுதியைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அடம்பிடித்த முதல் ஆள் அவன்தான். அல்லி அரசாணி, பவளக்கொடி கதைகளும் இப்படித்தான். வியாசர் எழுதாத பாரதம் அவை. யாரோ ஒரு ரசிகருக்கு முடிந்த கதை போதாமல் எழுதிச் சேர்த்தவை.

சரி, அது பழங்கதை. விஞ்ஞானக் கதைக்கு வருவோம். நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்தப் பள்ளிகள் கொஞ்ச காலம் பழைய மாதிரியே நடந்தன. என் வயதுப் பிள்ளைகள் 'அம்புலிமாமா' படித்தபோது நான் ழூல் வெர்ன் படித்தேன். அவருடைய 'கடலடியில் இருபதாயிரம் லீக்' 1869-லும் 1870-லும் ஒரு பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்தது. நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல், அதன் தலைவன் நெமோ. கடைசியில் கப்பல் ஒரு பெரும் நீர்ச்சுழலில் சிக்குகிறது. நெமோ செத்தானா பிழைத்தானா, அவன் யார், எந்த நாட்டுக்காரன், எதுவும் சொல்லாமல் கதை முடிந்துவிடும். பதினொரு வயதில் நான் அதை வாசித்து முடித்த ராத்திரி தூங்கவில்லை. என் அப்பா அப்போது என்ன சொன்னார் தெரியுமா? இப்போது என் மகன் சொன்னதையேதான்.

அடுத்த வருஷம் எங்கள் ஆசிரியர் 'மர்மத் தீவு' புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அது 1874, 75-இல் வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் தீவுக்கு அடியில் ஒரு குகையில், கிழவனாகிப் போன நெமோவைக் கண்டுபிடிக்கிறார்கள். அவன் ஓர் இந்தியன்! பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசர் டக்கார். திப்பு சுல்தானின் உறவினன். 1857 கிளர்ச்சியில் போரிட்டுக் குடும்பத்தையே இழந்தவன். காரைக்காலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சில் இதை வாசித்த தமிழ்ப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! நான் அலறவில்லை, அவ்வளவுதான் என் பேத்திக்கும் எனக்கும் வித்தியாசம்.

ஆனால் ஒரு தேதி இடித்தது. முதல் புத்தகத்தில் நெமோவின் கப்பலில் பேராசிரியர் மாட்டிக்கொள்வது 1867-இல். இரண்டாவது புத்தகத்தில் நெமோ 1868-இல் சாகிறான், அதற்குப் பல வருஷம் முன்பே பேராசிரியர் வந்துபோனதாகச் சொல்கிறான். எப்படி முடியும்? விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் போய் நின்றேன். அவர் அடிக்குறிப்பைக் காட்டினார். தேதிகள் பொருந்தவில்லை என்று புத்தகமே ஒப்புக்கொண்டிருந்தது. "தேதி தப்புதான். அதற்காக அவனைத் திரும்பச் சுழலில் தள்ளிவிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வெர்னுக்கும் தன் முடிவு போதவில்லை. தேதி இடித்தாலும் பரவாயில்லை என்று ஒன்பதாவது பகுதியை அவரே எழுதிவிட்டார்.

இவ்வளவு நியாயம் தெரிந்தவன் நான். ஆனாலும் என் வீட்டில், என் மனைவி விஷயத்தில், நான் நடந்துகொண்டது தலைமையாசிரியரை விட மோசம். பேத்தி அழுதபோது எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் அதுதான்.

அரசு வேலைக்கு வந்தபோது என் தமிழ் தரித்திரமாக இருந்தது. பேசுவேன், எழுதினால் ஒற்று போகும், 'ற'வும் 'ர'வும் இடம் மாறும். சிறுவாச்சூரில் பெண் எடுத்து, மாமனார் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருந்து, பெரம்பலூர் தாலுகா அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். அப்போது பெரம்பலூர் தனி மாவட்டமில்லை. திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா. எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது என் மனைவி. பாடப் புத்தகத்தை வைத்து அல்ல, தொடர்கதையை வைத்து. அவள் வாசிக்க நான் எழுத வேண்டும், பிறகு சிவப்பு மையால் திருத்துவாள். மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற நாள்களில் அம்மனைப் பார்க்க முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது கடையில் விகடன் வாங்கி வருவாள். ஒரு வாரம் முழுக்க அடுத்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவோம். இந்தக் காலத்தில் ஒரே ராத்திரியில் எட்டுப் பகுதியையும் பார்த்து முடிக்கிறார்களே, அதில் எனக்குச் சம்மதமில்லை. நடுவே ஒரு வாரம் கிடந்தால்தான் அடுத்தது என்ன என்று நாமே கட்டிப்பார்ப்போம்.

1980-களில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்தது. எங்கள் பக்கத்து மனிதர், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். கதை நடப்பது 2020-களில், அதாவது நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் இதே காலத்தில். ஜீவா என்று ஒரு சர்வாதிகாரி. பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது: நிலா, சிபி, ரவி, மனோ. அதில் ஜீனோ என்று ஓர் இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், கிண்டல் செய்யும். எங்கள் அலுவலகத்தில் டபேதார் முதல் தலைமை எழுத்தர் வரை அந்த நாய்க்கு ரசிகர்கள். அந்த மாபெரும் தலைவர் ஜீவா மனிதனே இல்லை, வெறும் ஹோலோகிராம், ஒளியால் ஆன பிம்பம் என்று கதையில் வெளிப்பட்ட வாரம் எங்கள் பிரிவில் ஒரு தபாலும் பதியவில்லை. இல்லாத ஒருவரையா இத்தனை பேரும் கும்பிட்டார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தோம். பிம்பம், கும்பிடு என்றெல்லாம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டோம் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

அந்தக் காலத்து வீடுகளில் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்வது வழக்கம். என் மனைவியும் வாராவாரம் கிழித்து, தலையணைக்கு அடியில் அடுக்கிவைத்திருந்தாள். கடைசி வாரத்து இதழை எதிர்வீட்டு அக்கா வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டார்கள். அதை நாங்கள் இரண்டு பேரும் ஒருமுறை வாசித்திருந்தோம், அவ்வளவுதான். கடைசி அத்தியாயம் இல்லாமல் எப்படி பைண்டு செய்வது?

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே எழுதினாள். பையனின் நாற்பது பக்க நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, நீல மையில், பதினான்கு பக்கம். அதையும் சேர்த்து பைண்டு செய்து கொண்டுவரச் சொன்னாள். பைண்டு ஆகி வந்த பிறகுதான் நான் அதை வாசித்தேன். ஞாபகத்திலிருந்து எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. முழுக்க முழுக்க அவள் சொந்தச் சரக்கு.

அவள் எழுதியதில் நிலா அரண்மனைக்குப் போகமாட்டாள். தெருமுனையில் நின்றுகொண்டு ஒரே ஓர் உத்தரவு போடுவாள்: இன்று முதல் அவரவர் அம்மா வைத்த பெயரை முழுதாக வைத்துக்கொள்ளலாம். மறுநாள் நாடு முழுக்க அலுவலகங்களில் வரிசை. இரண்டெழுத்துக்காரர்கள் எல்லாம் தங்கள் பழைய பெயரைப் பதிய வந்து நிற்பார்கள். எழுதி எழுதிக் குமாஸ்தாக்களுக்குக் கை வீங்கிப்போகும், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க முடியாது. அது என்னைக் கேலி செய்த இடம். அவள் பெயர் ஏழெழுத்து. என் பணிப்பதிவேட்டில் வாரிசு நியமனப் பத்தியில் இடம் போதவில்லை என்று நானே அதைப் பாதியாகச் சுருக்கி எழுதியிருந்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் அதை அவளிடம் சொன்னேன். அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு இங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

நான் ரசித்திருக்க வேண்டும். ரசிக்கவில்லை. எனக்கு அது சரியான ஆவணம் இல்லாத கோப்பாகப் பட்டது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, பெரம்பலூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்த இதழ் கிடைத்தது. அசல் கடைசி அத்தியாயம்! அதை வாங்கி, பைண்டைப் பிரிக்கச் சொல்லி, கையெழுத்துத் தாள்களை எடுத்துவிட்டு, அச்சுத் தாள்களை வைத்துத் தைத்து, பச்சைக் காலிகோ போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவளைக் கேட்கவில்லை. ஓர் ஆச்சரியம் கொடுக்கிற நினைப்பில்தான் செய்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. திருத்துகிற அதிகாரம் ஒருமுறையாவது என் கையில் இருக்கட்டும் என்றும் இருந்தது. சிவப்பு மை என்றைக்கும் அவள் கையிலேயே இருந்ததல்லவா?

புத்தகத்தைப் புரட்டி, கடைசியில் பார்த்தாள்.

"என் தாளு எங்கங்க?"

"பைண்டர் கிட்டயே இருக்கும். அதான் அசல் கிடைச்சிருச்சே."

"சரி" என்றாள்.

பேத்தி ஜனவரி 8 காலை சொன்ன அதே 'சரி'. இத்தனை வருஷம் கழித்துக் கேட்டதால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது.

பிறகு விகடனிலேயே 'மீண்டும் ஜீனோ' வந்தது. நாயை விட முடியாதது என் மனைவிக்கு மட்டுமில்லை, எழுதினவருக்கும்தான். அதில் நிலா ஒரு பொம்மை ராணி. பிம்பத்தைக் கலைத்தவர்களே அதிகாரத்துக்கு அலைகிறார்கள். முதல் பாகத்தின் முடிவைக் கொண்டாடிய எங்கள் அலுவலகத்துக்கு அது ஒரு நல்ல அடி. என் மனைவி மட்டும் அதிரவில்லை. "நான் அவள அரமணைக்கு அனுப்பவே இல்லையே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாள்களைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு தடவைதான். இரண்டாம் பாகத்தை அவள் பைண்டு செய்யவில்லை.

அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

எல்லா ரசிகர்களும் சரி என்று நான் சொல்லவரவில்லை. முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக எழுதினவரை, நடித்த பிள்ளைகளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வாசகரின் வேலை இல்லை, ரௌடியின் வேலை. அசலைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தன்னுடையதுதான் அசல் என்று சாதிப்பதும் சரியில்லை. ஆனால் முடிந்தது என்று சொன்ன இடத்தில் நின்று இல்லை என்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கதையை வாசித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர் அதை எல்.டிஸ் போட்டுவிட்டார் என்று அர்த்தம். வெளியாள்களுக்காகச் சொல்கிறேன்: அலுவலகத்தில் ஒரு கோப்பை முடிக்கும்போது எல்.டிஸ் என்றால் ஒரு வருஷத்தில் அழித்துவிடலாம், ஆர்.டிஸ் என்றால் என்றைக்கும் வைத்திருக்க வேண்டும். ஒன்பதாவது பகுதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் ஆர்.டிஸ் போட்டவர்கள். அந்தப் பெண்ணின் கையில் குத்திய நம்பரை அழித்து ஜேன் என்று எழுத வேண்டும் என்று என் பேத்தி துடிப்பதும், பெயர்களைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவள் பாட்டி எழுதியதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து வளர்ந்தவர்கள், ஆனால் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஜனவரி 9, வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு பேத்தியை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். நடுவில் ஒருமுறைகூட அவள் போனைப் பார்க்கவில்லை. முடித்ததும் எழுந்து போய் ஏணியை எடுத்துவந்து பரணில் ஏறினாள். பழைய பித்தளை அண்டா, என் பிரெஞ்சு அகராதி, கொலு பொம்மைப் பெட்டி, எல்லாம் இறங்கின. பச்சைக் காலிகோ பைண்டும் இறங்கியது. ஓரம் செல்லரித்திருந்தது. கடைசிப் பக்கங்கள் அச்சுத் தாள்கள்தான். பாட்டியின் பெட்டி, பஞ்சாங்கக் கட்டு, சமையல் குறிப்பு நோட்டு, ரேஷன் பை எல்லாவற்றிலும் தேடினாள். பைண்டரிடமிருந்து அவளே ஒருநாள் போய் வாங்கி வந்திருப்பாள் என்பது பேத்தியின் நம்பிக்கை. பைண்டர் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி ரிப்பேர் கடை.

"உங்களுக்கு எவ்ளோ ஞாபகம் இருக்கு தாத்தா?"

நான் சொன்னேன். நிலா, உத்தரவு, வரிசை, குமாஸ்தாக்கள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஜீனோ ஒரு வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும். பேப்பரைப் பிரித்துப் படிக்கும். உள்ளேயிருந்து வீட்டுக்காரி, காப்பி வேண்டுமா என்று கேட்பாள். அது நிமிர்ந்து ஏதோ ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலோடு முடியும்.

"என்ன சொல்லும்?"

அதுதான் ஞாபகம் இல்லை. வாசித்தபோது சிரித்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. சிரித்துவிட்டு அதை அவளிடம் சொல்லாமல் மறைத்ததும் ஞாபகம் இருக்கிறது. வரி மட்டும் இல்லை.

பேத்தி மடிக்கணினியைத் திறந்து நான் சொன்னதை எல்லாம் தட்டச்சு செய்தாள். இரண்டரைப் பக்கம் வந்தது. மேலே பாட்டியின் பெயரைப் போட்டாள், ஏழெழுத்தும். திண்ணைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளே ஏதாவது எழுதிக்கொள்ளட்டும் என்றேன். மாட்டேன் என்கிறாள். உங்களுக்கு ஞாபகம் வரும், நான் காத்திருக்கிறேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய்விட்டாள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்து, "சாப்டீங்களா?" என்று கேட்கிறாள். அதற்கு அடுத்தது அந்தக் கேள்விதான்.